டியூபுலர் பேட்டரியோடு லித்தியத்தையும் சேர்த்துக் கட்டலாமா? போர்டு லைன் இல்லாத மலைத் தோட்டத்து வீடு

சிறுமலைக் காப்பி:

வணக்கம். திண்டுக்கல் சிறுமலையில் எங்கள் தோட்டம். காப்பி, மிளகு, ஊடே மலைவாழை. போர்டு லைனின் கடைசிக் கம்பம் எங்கள் வீட்டுக்கு இரண்டு மேடு தள்ளி நின்றுவிடுகிறது. ஜீப் பாதையும் கிடையாது. வாழைத்தார் இறங்குவதும் பேட்டரி ஏறுவதும் குதிரை முதுகில்தான். அதனால் வீடு முழுக்க சோலார்.

இருப்பது இவ்வளவு: 335 வாட் பேனல் எட்டு. 48 வோல்ட், 5 கேவிஏ இன்வெர்ட்டர். எம்பிபிடி சார்ஜர் (பேனலிலிருந்து முடிந்தவரை அதிக மின்சாரத்தை எடுப்பது) அதற்குள்ளேயே இருக்கிறது. 12 வோல்ட் 150 ஆம்ப்-அவர் டியூபுலர் (தண்ணீர் ஊற்றும் ஈய-ஆசிட்) பேட்டரி நாலு, சி10 ரேட்டிங் (பத்து மணி நேரத்தில் இறக்கும் கணக்கு), சீரிஸில். போட்டு மூன்று வருடம் ஆகிறது. லோடு என்று பார்த்தால் சின்ன ஃபிரிட்ஜ், ஃபேன் மூன்று, லைட்டுகள், டிவி, மிக்ஸி, அம்மாவுக்காக வெட் கிரைண்டர், அப்புறம் கிணற்றில் 1 எச்பி சிங்கிள் ஃபேஸ் மோட்டார்.

காலை ஆறு மணிக்கு மோட்டாரைப் போட்டால் இன்வெர்ட்டர் 'லோ பேட்டரி' என்று கத்தி நின்றுவிடுகிறது. வீடே இருட்டாகிவிடும். போன வருடம் வரைக்கும் இப்படி இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் மூட்டம் போட்டால் இன்னும் மோசம். ராத்திரி ஃபிரிட்ஜை நிறுத்தினால்தான் விடியும்வரை ஃபேன் ஓடும்.

51.2 வோல்ட் 100 ஆம்ப்-அவர் லித்தியம் பேட்டரி ஒன்று வாங்கக் கையில் பணம் ஒதுக்கிவிட்டேன். ஆனால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். கடைக்காரர் பழையதை எல்லாம் எடைக்குப் போடு, லித்தியம் மட்டும் போதும் என்கிறார். இன்னொருவர் இரண்டையும் பேரலலாகக் கட்டிவிடு, ஒன்றும் ஆகாது என்கிறார். பேரலல் கட்டினால் தீப்பிடிக்கும் என்று ஒருவர் பயமுறுத்துகிறார். சூப்பர் கெபாசிட்டர் (சட்டென்று நிரம்பி, சட்டென்று கொடுக்கும் பெரிய கெபாசிட்டர்) போட்டால் மோட்டார் ஸ்டார்ட்டிங் பிரச்சினையே இருக்காது என்று ஒரு வீடியோவில் பார்த்தேன்.

இரண்டு வகையையும் சேர்த்து ஓட்ட முடியுமா? முடியும் என்றால் எது எவ்வளவு கரண்ட் கொடுக்கும், யார் அதைப் பிரித்துவிடுவது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

தாண்டிக்குடி சோலார்:

தம்பி, வாங்குவதற்கு முன்னால் அளந்துவிடுவோம். எனக்கு ஐந்து விஷயம் வேண்டும்.

காலையில் மோட்டார் போடுவதற்கு முன்னால் பேட்டரி வோல்டேஜ் எவ்வளவு? மோட்டார் ஏறும் அந்த நொடியில் இன்வெர்ட்டர் டிஸ்ப்ளேயில் எவ்வளவு, பேட்டரி டெர்மினலில் மீட்டர் வைத்தால் எவ்வளவு? அதே நொடியில் நாலு பேட்டரியையும் தனித்தனியாகப் பார்த்தால் எவ்வளவு? இதற்கு மோட்டாரை நாலைந்து முறை போட வேண்டியிருக்கும், ஒவ்வொரு முறைக்கும் நடுவில் பத்து நிமிடம் இடைவெளி விடுங்கள். மீட்டரில் குறைந்தபட்ச அளவைப் பிடித்து வைக்கும் பட்டன் இருந்தால் நல்லது.

ஹைட்ரோமீட்டரில் செல் செல்லாக ஆசிட் அளவு எடுங்கள். பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டருக்கு என்ன வயர், எவ்வளவு நீளம் என்பதையும் சொல்லுங்கள்.

சிறுமலைக் காப்பி:

நன்றி அண்ணே. எடுத்துவிட்டேன்.

மோட்டார் போடுவதற்கு முன் 49.2 வோல்ட். மோட்டார் ஏறும்போது இன்வெர்ட்டர் டிஸ்ப்ளே 43.5, பேட்டரி டெர்மினலில் 45.1. தனித்தனியாக 11.7, 11.65, 11.6. நாலாவது மட்டும் 10.15!

ஆசிட் 1.210-லிருந்து 1.220-க்குள் இருக்கிறது. நாலாவது பேட்டரியில் ஒரு செல் 1.150. அந்தச் செல்லுக்குத்தான் தண்ணீரும் அதிகமாக ஊற்ற வேண்டியிருக்கிறது.

பேட்டரி பின்பக்கக் கொட்டகையில், இன்வெர்ட்டர் வீட்டுக்குள் டிவி மேசைக்குப் பக்கத்தில். 16 ஸ்கொயர் எம்எம் காப்பர், போக 5 மீட்டர், வர 5 மீட்டர். இன்வெர்ட்டரில் லோ கட் (பேட்டரி இதற்குக் கீழே இறங்கினால் இன்வெர்ட்டர் நின்றுவிடும் அளவு) 42 வோல்ட்.

தாண்டிக்குடி சோலார்:

தம்பி, உங்கள் அளவிலேயே பாதி பதில் இருக்கிறது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் 45.1-க்கும் 43.5-க்கும் நடுவில் இருக்கும் 1.6 வோல்ட். அது பேட்டரியில் போகவில்லை, வயரிலும் லக்கிலும் (வயர் முனையில் அழுத்தி, பேட்டரியில் முடுக்கும் துண்டு) போகிறது. 16 ஸ்கொயர் காப்பர் மீட்டருக்குச் சுமார் 1.15 மில்லி ஓம். பத்து மீட்டருக்கு 11.5. ஸ்டார்ட்டிங்கில் 48 வோல்ட் பக்கம் 110 ஆம்ப் சுமாருக்கு இழுக்கிறது என்று வைத்தால் வயரிலேயே 1.3 வோல்ட் காலி. மீதி லக் இறுக்கத்தில். எந்தப் பேட்டரி வாங்கிப் போட்டாலும் இந்த வயர் இருக்கும்வரை அந்த வோல்ட் கிடைக்காது. இன்வெர்ட்டரைக் கழற்றிப் பேட்டரிக்குப் பக்கத்தில் கொண்டு போங்கள். நேர் மேலே மாட்டாதீர்கள். சார்ஜ் ஆகும்போது வரும் ஹைட்ரஜன் பொறி பட்டால் வெடிக்கும், ஆசிட் ஆவி இன்வெர்ட்டரின் சர்க்யூட் போர்டைத் தின்றுவிடும். நடுவில் ஒரு சுவர் இருந்தால் நல்லது. ஒன்றரை மீட்டர் தூரத்தில் 35 ஸ்கொயர் வயர் போட்டால் அதே 110 ஆம்பில் 0.2 வோல்ட் கூடப் போகாது. நீளம் தேவையென்றால் ஏசி வயரை நீட்டுங்கள், 230 வோல்ட்டில் கரண்ட் குறைவு. டிசி வயரை நீட்டவே கூடாது.

அடுத்தது அந்த நாலாவது பேட்டரி. மற்ற மூன்றும் 11.6-க்கு மேல் நிற்கும்போது இது மட்டும் 10.15-க்கு விழுகிறது என்றால் ஒரு செல் போய்விட்டது. சீரிஸில் ஒரு செல் நொண்டினால் மொத்த வரிசையும் நொண்டும். சார்ஜ் ஆகும்போது அந்தச் செல் தன் பங்கை வாங்காது, மற்ற செல்களுக்கு அளவு தாண்டிப் போகும். அந்த ஒரு பேட்டரியை மட்டும் மாற்றுங்கள். அதே கம்பெனி, அதே மாடல். புத்தம் புதியதைப் பழைய வரிசையில் சேர்ப்பது சுத்தமான வேலை கிடையாதுதான். ஆனால் நான் கீழே சொல்லும் முறையில் இந்த வரிசைக்குத் தினசரி வேலை இருக்கப் போவதில்லை, அதனால் ஓடும். ஒன்றிரண்டு வருடம் ஓடிய நல்ல பேட்டரி கிடைத்தால் இன்னும் பொருத்தம்.

சரி, மற்ற மூன்றும் ஏன் 1.220-க்கு மேல் ஏறவில்லை? நம் ஊர் டியூபுலர் முழு சார்ஜில் 1.240 காட்ட வேண்டும். இதுதான் மலைத் தோட்டங்களில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் சாவு. டியூபுலருக்குக் கடைசி 20 சதவீதம் ஏற மணிக்கணக்கில் ஆகும். வோல்டேஜ் மேலே நிற்கும், கரண்ட் மெல்ல மெல்லக் குறையும், அந்த நேரம் முழுக்க வெயில் இருக்க வேண்டும். சிறுமலையில் மதியம் மூன்று மணிக்கு மூட்டம் இறங்கிவிட்டால் அந்தக் கடைசிப் பகுதி நடக்கவே நடக்காது. தினமும் 85 சதவீதத்தில் நின்று, ராத்திரி இறங்கி, மறுநாள் திரும்ப 85. அரைகுறை சார்ஜில் கிடக்கும் ஈயத் தகட்டில் சல்ஃபேட் படிந்து கெட்டியாகிவிடும், அப்புறம் அது கரையாது. பேட்டரி தேய்ந்து செத்தால்கூட மனசு ஆறும். பட்டினி கிடந்து சாவதைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்காது.

லித்தியம் அரை சார்ஜில் கிடந்தால் அதற்கு ஒரு கெடுதலும் இல்லை, இன்னும் சொல்லப் போனால் அதுதான் அதற்கு சௌகரியம். போட்ட மின்சாரத்தில் 95 சதவீதம் போல் திருப்பித் தரும். டியூபுலர் 80, 85. ஆக தினமும் ஏறி இறங்கும் வேலை லித்தியத்துக்கு. டியூபுலர் எப்போதும் நிரம்பியே இருந்து, மழைக்காலத்துக்கும் மோட்டார் ஏறும் நொடிக்கும் மட்டும் கை கொடுக்க வேண்டும். இந்தப் பங்கீட்டுக்குத்தான் இரண்டையும் சேர்ப்பது. கையில் இருக்கும் பழையது வீணாகிறதே என்பதற்காகச் சேர்த்தால் இரண்டும் கெடும்.

யார் பிரித்துவிடுவது என்று கேட்டீர்களே. நேராகப் பேரலலாகக் கட்டினால் வோல்டேஜே பிரித்துவிடும். கவனியுங்கள். முழுதாக நிரம்பிய டியூபுலர் வரிசை சும்மா இருக்கும்போது 50.8 வோல்ட் (ஒன்றுக்கு 12.7). 16 செல் லித்தியம் வேலை செய்யும் நேரத்தில் பெரும்பகுதி 51.2-க்கும் 52.8-க்கும் நடுவிலேயே கிடக்கும், அந்தக் கோடு அவ்வளவு தட்டை. ராத்திரி ஃபேனும் ஃபிரிட்ஜும் ஓடும்போது பஸ் (பேட்டரி வரிசைகளும் இன்வெர்ட்டரும் சேரும் டிசி லைன்) வோல்டேஜ் 52 என்றால் டியூபுலரிலிருந்து எப்படிக் கரண்ட் வரும்? வராது. சொல்லப் போனால் லித்தியம் அதற்குச் சின்னதாக ஒரு ஃப்ளோட் கரண்ட் (நிரம்பியதை இறங்காமல் வைக்கும் கரண்ட்) கொடுத்துக்கொண்டிருக்கும். லித்தியம் அடிமட்டத்துக்கு வந்து, பஸ் 50.5-க்குக் கீழே சரியும்போதுதான் டியூபுலர் வேலையைத் தொடங்கும். முதலில் லித்தியம், அது தீரும் கட்டத்தில் டியூபுலர். இதற்குத் தனி கண்ட்ரோலர் எதுவும் வேண்டாம்.

மோட்டார் ஏறும்போது கதை வேறு. ஒரு நொடிக்கு 110 ஆம்ப் இழுத்தவுடன் பஸ் 49, 48 என்று இறங்கும். அப்போது இரண்டுமே கொடுக்கும், யாருக்கு உள்தடை குறைவோ அவர் அதிகம் கொடுப்பார். 100 ஆம்ப் பிஎம்எஸ் (லித்தியத்துக்குள் இருந்து அதைக் காக்கும், ஆபத்தென்றால் துண்டிக்கும் போர்டு) உள்ள லித்தியத்தின் தலையில் மொத்தமும் விழாமல் டியூபுலர் பாதியைத் தாங்கும். இன்னொரு நன்மையும் உண்டு. ஏதோ காரணத்தால் லித்தியத்தின் பிஎம்எஸ் திடீரென்று கட் செய்துவிட்டால் லித்தியம் மட்டும் இருக்கும் வீட்டில் மொத்தமும் இருட்டு. இங்கே டியூபுலர் பஸ்ஸைப் பிடித்துக்கொள்ளும்.

கணக்கும் ஒத்து வருகிறது. லித்தியத்தில் 5.1 யூனிட், அதில் 4 யூனிட்டைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். டியூபுலரில் 7.2, அதில் பாதி 3.6. உங்கள் ராத்திரி லோடு இரண்டு யூனிட் சுமார் இருக்கும். மூட்டமான நாட்களில் ஃபிரிட்ஜை நிறுத்த வேண்டி வராது.

இனி செட்டிங். இன்வெர்ட்டரில் பேட்டரி வகையை 'யூசர்' என்று வையுங்கள். பிஎம்எஸ்ஸோடு பேசும் கம்யூனிகேஷன் கேபிளைச் சொருகாதீர்கள். சொருகினால் இன்வெர்ட்டர் லித்தியத்தின் பேச்சை மட்டும் கேட்கும், டியூபுலர் அதன் கண்ணில் இருக்காது. அப்சார்ப்ஷன் (சார்ஜின் கடைசிக் கட்டத்தில் நிற்கும் வோல்டேஜ்) 56.4, ஃப்ளோட் (நிரம்பிய பிறகு பிடித்து வைக்கும் வோல்டேஜ்) 54.0. லித்தியத்துக்குச் செல்லுக்கு 3.5 சுமார், டியூபுலருக்கு ஒன்றுக்கு 14.1. டியூபுலருக்கு வழக்கமாக 14.4 வைப்போம், ஆனால் தினமும் இறங்காத பேட்டரிக்கு இது போதும். டெம்பரேச்சர் காம்பன்சேஷன் (சூட்டுக்கு ஏற்ப சார்ஜ் வோல்டேஜை மாற்றுவது) ஆஃப். ஈக்வலைசேஷன் (செல்களைச் சமப்படுத்த வோல்டேஜை ஏற்றிக் கொடுக்கும் சார்ஜ்) கட்டாயம் ஆஃப். லித்தியம் இணைந்திருக்கும்போது அது நடந்தால் பிஎம்எஸ் துண்டித்துவிடும், அதைச் சோதித்துப் பார்க்க வேண்டாம். மாதம் ஒரு முறை, நல்ல வெயில் நாளில், லித்தியம் பிரேக்கரை இறக்கிவிட்டு டியூபுலருக்கு மட்டும் ஈக்வலைஸ் கொடுங்கள். வோல்டேஜ் எவ்வளவு என்பதைப் பேட்டரி கம்பெனியின் தாளைப் பார்த்து வையுங்கள், இன்வெர்ட்டர் தாங்கும் உச்ச அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள். லோ கட்டை 42-லிருந்து 48-க்கு ஏற்றுங்கள். 42 என்பது பேட்டரிக்குக் குழி தோண்டும் அளவு.

தீப்பிடிக்கும் என்று சொன்னவர் பயப்படுவதில் ஒரு நியாயம் இருக்கிறது, முதல் முறை இணைக்கும் நொடியில். லித்தியம் 53-லும் டியூபுலர் 49-லும் இருக்கும்போது நேராகத் தொட்டால் நடுவில் இருப்பது முப்பது, நாற்பது மில்லி ஓம் மட்டும்தான். 4 வோல்ட் வித்தியாசத்துக்கு 100 ஆம்ப் சட்டென்று பாயும். லக் பொறியும், கை சுடும். அதனால் இரண்டையும் தனித்தனியாக முழு சார்ஜ் செய்து, வித்தியாசம் 0.2 வோல்ட்டுக்குள் வந்த பிறகுதான் இணைக்க வேண்டும். ஒவ்வொரு வரிசைக்கும் தனித்தனி டிசி ஃப்யூஸ், தனித்தனி பிரேக்கர். ஏசி எம்சிபி (வீட்டு லைனுக்குப் போடும் சின்ன பிரேக்கர்) வேண்டவே வேண்டாம்.

சூப்பர் கெபாசிட்டர் பற்றி. அது பொய் இல்லை, வேலை செய்யும். ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒரு செல் 2.7 வோல்ட் தாங்கும். உங்கள் பஸ் 56.4 வரை ஏறும், அதனால் '48 வோல்ட்' என்று விற்கும் மாட்யூலைக் கட்டவே முடியாது. 3000 ஃபாரட் செல் 24 வரிசையாகக் கட்டினால் 125 ஃபாரட் வரும். அது 52-லிருந்து 46-க்கு இறங்குவதற்குள் தருவது சுமார் 10 வாட்-அவர். பத்து வாட் பல்பு ஒரு மணி நேரம் எரியும், அவ்வளவுதான் அதில் இருக்கும் சேமிப்பு. ஒரு நொடி மோட்டார் ஸ்டார்ட்டிங்கை அது அழகாகத் தாங்கும், மறுக்கவில்லை. ஆனால் 24 செல்லுக்கும் பேலன்சிங் போர்டு வேண்டும், காலியாக இருக்கும்போது பேட்டரியில் தொட்டால் ஷார்ட் மாதிரி இழுக்கும் என்பதால் முதலில் ரெசிஸ்டர் வழியாக நிரப்ப வேண்டும், விலை வேறு. உங்கள் வீட்டில் போன வோல்ட் வயரிலும் ஒரு செத்த செல்லிலும் போனது. அதைச் சரிசெய்யாமல் கெபாசிட்டர் வாங்குவது பணத்தைக் கிணற்றில் போடுவது.

கடைசியாக, ஆறு மணிக்கு ஏன் மோட்டார்? பதினொரு மணிக்குப் போடுங்கள். அப்போது பேனலே முக்கால்வாசி கொடுக்கும். 3000 லிட்டர் தொட்டி ஒன்றை மேட்டில் வைத்தால் விடிகாலைத் தண்ணீர் தானாக இறங்கும். 30 மீட்டர் உயரத்துக்கு 3000 லிட்டர் ஏற்ற, சின்ன மோட்டார் ஒரு யூனிட் சுமாருக்குத் தின்னும். அந்த ஒரு யூனிட்டை நீங்கள் பேட்டரியில் சேமிக்க வேண்டாம், தொட்டியில் சேமித்தாயிற்று.

கோவை வைண்டிங்:

நல்லா எழுதியிருக்கீங்க அண்ணா. மோட்டார் பக்கத்திலிருந்து நான் ஒன்று சேர்க்கிறேன், இங்கே பம்ப் வேலைதான் எனக்குச் சோறு.

சிங்கிள் ஃபேஸ் 1 எச்பி ஓடும்போது 5 முதல் 7 ஆம்ப். ஏறும்போது அதைப் போல் ஐந்து, ஆறு மடங்கு. ஸ்டார்ட்டிங் கெபாசிட்டர் வலுவிழந்திருந்தால் ஏறுவதற்கே திணறி, அந்த இழுவை ஒரு நொடிக்குப் பதில் மூன்று நொடி நீளும். முதலில் கெபாசிட்டரைக் கழற்றி மீட்டரில் அளவு பாருங்கள். மேலே எழுதியிருக்கும் மைக்ரோ ஃபாரட்டில் பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால் மாற்றிவிடுங்கள். பெரிய செலவு இல்லை.

அடுத்த தடவை மோட்டார் ரீவைண்டிங்குக்கு வந்தால் த்ரீ ஃபேஸ் மோட்டாராக மாற்றிக்கொள்ளுங்கள், 230 வோல்ட்டுக்கு டெல்டா கனெக்‌ஷன். சிங்கிள் ஃபேஸ் வாங்கி த்ரீ ஃபேஸ் கொடுக்கும் விஎஃப்டி டிரைவ் ஒன்று போட்டால் மோட்டார் மெதுவாக உருண்டு ஏறும், ஓடும் கரண்ட்டுக்கு மேல் இழுக்காது. ஸ்டார்ட்டிங் சர்ஜ் என்ற பேச்சே இருக்காது. இப்போது இருக்கும் கெபாசிட்டர் மோட்டாருக்கு அந்த டிரைவைப் போடாதீர்கள், கெபாசிட்டர் வெடிக்கும்.

ஒரு இடத்தில் அண்ணனோடு எனக்கு ஒப்பவில்லை. பழைய டியூபுலருக்காகப் புதிதாக ஒன்று வாங்குவதைவிட, மூன்றையும் எடைக்குப் போட்டுவிட்டு அந்தப் பணத்தோடு சேர்த்து இரண்டாவது லித்தியம் வாங்கலாம். தண்ணீர் ஊற்ற வேண்டாம், ஆசிட் வேண்டாம், ஒரே வகை, பிஎம்எஸ் கேபிளையும் சொருகிக்கொள்ளலாம்.

தாண்டிக்குடி சோலார்:

தம்பி சொல்வது சரியான வழிதான், கையில் பணம் இருந்தால். இன்றைக்கு இவருக்கு ஒரு லித்தியத்துக்குத்தான் வசதி. ஒரே லித்தியம், ஒரே பிஎம்எஸ் என்று மலைமேல் ஒரு வீட்டை விட எனக்கு மனசு வரவில்லை. அது ஒரு ராத்திரி கட் ஆனால் கீழேயிருந்து ஆள் ஏறி வர எவ்வளவு நேரம் ஆகும் என்று யோசியுங்கள். மூன்று நல்ல டியூபுலரும் தங்கள் காலத்தை முடிக்கட்டும், அதற்குள் இரண்டாவது லித்தியத்துக்கு இவர் சேர்த்துவிடுவார்.

ஸ்டார்ட்டிங் கெபாசிட்டரை அளக்கச் சொன்ன யோசனை அருமை. எனக்குத் தோன்றவே இல்லை.

ஊர்காவற்றுறைக் காற்று:

வணக்கம் அண்ணா. நான் யாழ்ப்பாணம், தீவகப் பக்கம். எங்களிடம் எழுவைதீவில் சூரியத் தகடு, காற்றாலை, டீசல் ஜெனரேட்டர், லித்தியம் மின்கலம் எல்லாம் ஒரே வலையில் ஓடுகின்றன. பெரிய அமைப்பில் இந்தப் பங்கீட்டை எப்படிச் செய்கிறார்கள் என்று சொன்னால் உங்களுக்கும் விளங்கும்.

இரண்டு வகைச் சேமிப்பை நேரே இணைத்தால் வோல்டேஜ் சொல்வதைத்தான் கேட்க வேண்டும், நாங்கள் நினைப்பது போலப் பிரிக்க ஏலாது. அதற்காக ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு டிசி-டிசி கன்வெர்ட்டர் வைப்பார்கள். பிறகு லோடை இரண்டாகப் பிரிப்பார்கள். ஆறுதலாக ஏறி இறங்கும் பகுதி மின்கலத்துக்கு; சட்டென்று துள்ளும் பகுதி சூப்பர் கெபாசிட்டருக்கு. துள்ளல் முடிந்ததும் மின்கலம் மெல்ல மெல்லக் கெபாசிட்டரை நிரப்பி வைக்கும், அடுத்த துள்ளலுக்கு அது ஆயத்தமாக இருக்க வேண்டும் அல்லவா. காற்றாலை உள்ள இடத்தில் இதற்கு நிறையப் பெறுமதி உண்டு. காற்று ஒவ்வொரு நிமிடமும் கூடிக் குறையும், அந்தச் சின்னச் சின்ன ஏற்ற இறக்கத்தை எல்லாம் மின்கலம் வாங்கினால் கெதியாகத் தேய்ந்துபோகும். கெபாசிட்டர் பத்து லட்சம் தடவை வரையும் தாங்கும். உங்கள் தோட்டத்தில் நாளுக்கு இரண்டு தரம் ஏறும் மோட்டாருக்கு அது தேவையில்லை, தாண்டிக்குடி அண்ணர் சொன்னது சரி.

லோடைக் கட்டுப்படுத்துவது பற்றியும் ஒன்று. ஸ்கொட்லாந்தின் ஈக் தீவில் 2008 பெப்ரவரியில் தங்களுக்கென்று ஒரு வலையைத் தொடங்கினார்கள். நீர், காற்று, சூரியன் மூன்றும், ஈய மின்கலத் தொகுதியும். அதற்கு முதல் வீட்டுக்கு வீடு டீசல் ஜெனரேட்டர். அங்கே வீட்டுக்கு ஒரே நேரத்தில் 5 கிலோவாட், தொழிலுக்கு 10 கிலோவாட், அதற்கு மேல் எடுத்தால் இணைப்பு விழுந்துவிடும். மின்சாரம் மிஞ்சும் நாளில் அதை ஊர்ப் பொது மண்டபம் போன்ற கட்டிடங்களைச் சூடாக்கத் திருப்பிவிடுவார்கள். மின்கலத்தைப் பெருப்பிக்க முதல் பாவிப்பை ஒழுங்கு செய்தார்கள். உங்கள் வீட்டில் அந்த மிச்ச மின்சாரத்துக்கு வேலை கொடுக்கலாம். பன்னிரண்டு மணிக்கு மின்கலம் நிரம்பிய பிறகு தகட்டின் மின்சாரம் சும்மா போகிறது. மாவரைப்பதையும் இஸ்திரிக்கையையும் அந்த நேரத்துக்கு மாற்றச் சொல்லுங்கள் அம்மாவிடம்.

சிறுமலைக் காப்பி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நிலவரம் சொல்கிறேன்.

ஸ்டார்ட்டிங் கெபாசிட்டர் பாதி அளவுக்கு வந்துவிட்டிருந்தது, மாற்றியாயிற்று. இன்வெர்ட்டரைக் கொட்டகைச் சுவருக்கு இந்தப் பக்கம் மாட்டி 35 ஸ்கொயர் வயர் போட்டேன். நாலாவது பேட்டரிக்குப் பதிலாக, கீழே ஒருவரிடம் வேலை செய்துகொண்டிருந்த அதே மாடல் கிடைத்தது. லித்தியத்தை இன்னும் இணைக்கவில்லை. இவ்வளவுக்கே மோட்டார் ஏறும்போது டிஸ்ப்ளேயில் 46.6-க்குக் கீழே போகவில்லை, இன்வெர்ட்டர் கத்தவில்லை. அம்மா பதினொரு மணிக்கு மாவரைக்கச் சம்மதித்துவிட்டார், ஆனால் சனிக்கிழமை மட்டும் தன் இஷ்டம் என்கிறார்.

ஒரு சந்தேகம். லோ கட்டை 48-க்கு ஏற்றச் சொன்னீர்கள். இப்போது ஸ்டார்ட்டிங்கில் 46.6 வருகிறதே, கட் ஆகிவிடாதா?

அப்புறம் லித்தியத்துக்கு டிசி எம்சிபி 125 ஆம்ப் வாங்கினேன். அதில் ஒரு பக்கம் கூட்டல், ஒரு பக்கம் கழித்தல் என்று குறி போட்டிருக்கிறது. பேட்டரியை எந்தப் பக்கம் கட்டுவது?

தாண்டிக்குடி சோலார்:

நல்ல கேள்வி இரண்டும்.

லோ கட் இப்போதைக்கு 44-ல் இருக்கட்டும். லித்தியம் சேர்ந்த பிறகு ஸ்டார்ட்டிங்கில் பஸ் எவ்வளவு இறங்குகிறது என்று மறுபடி அளந்து, அதற்குக் கொஞ்சம் கீழே வையுங்கள். பல இன்வெர்ட்டரில் லோ கட்டுக்குச் சில நொடி தாமதம் இருக்கும், உங்கள் மாடலில் இருந்தால் 48-ஐத் தைரியமாக வைக்கலாம். இல்லையென்றால் 47. மோட்டார் பதினொரு மணிக்கு ஓடும்போது பஸ் எப்படியும் 53-க்கு மேல்தான் இருக்கும்.

அந்த எம்சிபியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கூட்டல் கழித்தல் குறி இருந்தால் அது ஒரு திசைக் கரண்ட்டை மட்டும் அணைக்கத் தெரிந்த பிரேக்கர். பேனலுக்குச் சரி, அங்கே கரண்ட் ஒரே திசையில் போகும். பேட்டரியில் பகலில் உள்ளே போகும், ராத்திரி வெளியே வரும். தப்பான திசையில் லோடோடு இறக்கினால் உள்ளே ஆர்க் அணையாமல் நின்று பிரேக்கரே எரியும். திசைக் குறி இல்லாத டிசி பிரேக்கர் கேட்டு வாங்குங்கள், வோல்டேஜ் ரேட்டிங் 80-க்குக் குறையாமல். அது கிடைக்கத் தாமதமானால் ஃப்யூஸும் ஐசொலேட்டரும் (கையால் துண்டிக்கும் சுவிட்ச்) போட்டு ஓட்டுங்கள். ஐசொலேட்டரை லோடு இல்லாதபோது மட்டும் இறக்குங்கள். இணைக்கும் அன்றைக்கு இரண்டு பக்க வோல்டேஜையும் இங்கே போடுங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.